பழைய வேனும் புதிய ஆசையும்: நான்கு சக்கர இயக்கம் யாருக்குத் தேவை?



சென்ற மாதம் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய வேளையில் ஜெர்மனியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் அவர். இப்போது மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் தென் ஜெர்மனியில் வாழ்கிறார். நலம் விசாரித்து முடித்த பின் சற்றுத் தயங்கினார். “ஹஜ்ரத், இது மார்க்கக் கேள்வியா, வண்டிக் கேள்வியா என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் உங்களிடம் கேட்காமல் இறங்க மனம் வரவில்லை” என்றார்.

அவரிடம் 1986ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் டி3 வேன் ஒன்று இருக்கிறது. பின்சக்கரங்களால் மட்டும் இயங்கும் வண்டி அது. கடந்த குளிர்காலத்தில் பனி படிந்த ஒரு மலைச்சரிவில் குழந்தைகளோடு சிக்கி, இரண்டு மணி நேரம் உதவிக்காகக் காத்திருந்திருக்கிறார். அன்றிலிருந்து அந்த வேனை நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியாக மாற்றிவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதற்குரிய பணமும் கையில் சேர்ந்துவிட்டது. “இது வீண்விரயத்தில் சேருமா, ஹஜ்ரத்?” என்பதே அவருடைய கேள்வி.

உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. நாம் எந்திரம் படித்தவர்கள் அல்லர். ஒரு வாரம் அவகாசம் கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் படித்தறிந்தவற்றையும், நம் மஹல்லாவில் லாரிப் பட்டறை நடத்தும் சகோதரர் ஒருவரிடம் கேட்டறிந்தவற்றையும், அவற்றின் மேல் நாம் கொண்ட கருத்தையும் இங்கே எழுதுகிறோம். நம் ஊர்களிலும் பழைய வேன், ஜீப்புகளை வாங்கி உயர்த்தியும் மாற்றியும் ஓட்டும் ஆசை இளைஞர்களிடம் பெருகி வருவதால், இது ஒருவருக்கு மட்டும் உரிய விடையன்று.

வேனின் கதை

ஃபோக்ஸ்வாகன் வேனுக்கு நெடிய வரலாறு உண்டு. 1947இல் நெதர்லாந்து நாட்டு வணிகர் பென் போன் ஒரு தாளில் வரைந்த எளிய கோட்டுப்படமே அதன் தொடக்கம். 1950இல் வொல்ஃப்ஸ்பர்க் நகரில் உற்பத்தி தொடங்கியது. 1956இல் அது ஹனோவர் நகருக்கு மாறியது. ரொட்டிக் கடைக்காரர், தச்சர், அஞ்சல் துறை, பெரிய குடும்பம் என எல்லோருக்கும் உழைத்த வண்டி அது. எஞ்சின் பின்புறம், இயங்கும் சக்கரங்களும் பின்புறம் என்பதே அதன் அமைப்பு. எஞ்சினின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே அமர்வதால், சேற்றிலும் ஏற்றத்திலும் அது ஓரளவு பிடிமானத்தோடு ஏறும்.

நான்கு சக்கர இயக்கம் என்ற எண்ணமும் அந்த நிறுவனத்துக்குள்ளேயே பிறந்ததுதான். வேன் வடிவமைப்புப் பிரிவின் தலைவராக இருந்த குஸ்டாவ் மேயர் சஹாரா பாலைவனப் பயணங்களில் பெருவிருப்பம் கொண்டவர். மணலில் இருசக்கர இயக்கம் போதவில்லை என்பதைப் பட்டறிந்த அவர், 1970களின் நடுவில் நான்கு சக்கரங்களும் இயங்கும் சோதனை வண்டியை உருவாக்க முனைந்தார். 1978இல் அத்தகைய சோதனை வண்டிகள் சில ஓடின. ஆயினும் அவை விற்பனைக்கு வரவில்லை. அடுத்த தலைமுறையான டி3 வேன் 1979இல் வந்தது. அதன் நான்கு சக்கர வகையான ‘சிங்க்ரோ’ 1985இல்தான் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கும் பணியில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஸ்டெயர்-டைம்லர்-புக் நிறுவனம் ஈடுபட்டது. வண்டிகளும் அங்கேயே கட்டப்பட்டன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வண்டியை வடிவமைத்தவர்களுக்கே, எல்லாக் கருவிகளும் கைவசம் இருந்தும், முதல் சோதனையிலிருந்து விற்பனை வரை ஏறத்தாழ பத்தாண்டுகள் தேவைப்பட்டன. ஒரு விடுமுறைக் காலத்தில் முடித்துவிடலாம் என்று நாம் எண்ணும் வேலையின் கனம் அதிலிருந்தே விளங்கும்.

மாற்றம் என்பது எதை மாற்றுவது?

முன்சக்கரங்களுக்கும் ஓர் ஆக்சிலைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நாமும் எண்ணியிருந்தோம். உண்மை அவ்வாறில்லை.

சிங்க்ரோ வண்டியில் கியர்பாக்ஸே வேறு. வழக்கமான நான்கு கியர்களோடு, கரடுமுரடான பாதைக்கென மிக மெதுவாக நகரும் கூடுதல் கியர் ஒன்றும் அதில் உண்டு. அந்தக் கியர்பாக்ஸிலிருந்து ஒரு நீண்ட ஷாஃப்ட் வண்டியின் அடியில் முன்நோக்கி ஓடி, முன் டிஃபரன்ஷியலைச் சேர்கிறது. அங்கே பாகியல் இணைப்பு என்னும் ஓர் உறுப்பு இருக்கிறது. மூடிய உருளை ஒன்றினுள் பல மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டு, இடையே சிலிக்கோன் திரவம் நிரப்பப்பட்டிருக்கும். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலும்வரை அது வாளாவிருக்கும். பின்சக்கரம் வழுக்கி வேகமாகச் சுழன்றால், தகடுகளுக்கிடையே திரவம் உராய்ந்து இறுகி, விசையை முன்சக்கரங்களுக்குக் கடத்தும். ஓட்டுநர் ஒரு பொத்தானையும் தொட வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு சிக்கல் என்று பட்டறைச் சகோதரரிடம் கேட்டோம். “வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தில் போகும், பின்சக்கரங்கள் சிறிய வட்டத்தில் போகும். இரண்டையும் இரும்பால் கட்டிவிட்டால் காய்ந்த தார்ச்சாலையில் வளைவுதோறும் ஒன்றையொன்று முறுக்கும். மண்ணிலும் பனியிலும் சக்கரம் சறுக்கி அந்த முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் தீர்க்க இடமில்லை. டயர் தேயும், பிறகு பல்சக்கரம் போகும்” என்றார். அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பதற்காகவே அத்தகைய இணைப்பு வைக்கப்பட்டது. அதனால்தான் நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறத்தாழ ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். இரண்டு பழைய டயரும் இரண்டு புதிய டயருமாக ஓட்டினால், அந்த இணைப்பு ஓயாமல் உழைத்துக் கெட்டுவிடும்.

இவற்றோடு வேலை முடிந்துவிடவில்லை. சாதாரண டி3 வண்டியில் எரிபொருள் தொட்டி முன்பக்கத்தில் தரைக்கு அடியில் இருக்கிறது. சிங்க்ரோவில் முன் டிஃபரன்ஷியலுக்கும் ஷாஃப்டுக்கும் இடம் தேவைப்பட்டதால், தொட்டி பின்பக்கம் கியர்பாக்ஸுக்கு மேலே சென்றுவிட்டது. முன்புறத் தாங்குசட்டமும் வேறு. வண்டியின் உயரமும் கூடியது. ஆகவே சாதாரண வேனைச் சிங்க்ரோவாக மாற்ற விரும்புவோர், துருப்பிடித்து ஒதுக்கப்பட்ட சிங்க்ரோ ஒன்றைத் தேடி வாங்கி, அதன் உறுப்புகளைக் கழற்றித் தம் வண்டியின் அடித்தளத்தை வெட்டி ஒட்டிப் பொருத்த வேண்டியிருக்கிறது. பற்றவைப்பின் ஒவ்வொரு தையலும் குழந்தைகள் அமரும் இருக்கைக்குக் கீழே இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

இயலாத காரியம் என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஃபோர்டு இகனோலைன் வேன்களைத் தொழிற்சாலை ஒருபோதும் நான்கு சக்கர இயக்கத்தோடு விற்றதில்லை. அங்கே வெளிப்பட்டறைகள் அவற்றை மாற்றித் தருவதையே பல்லாண்டுத் தொழிலாகக் கொண்டுள்ளன. ஒரே வகை வண்டியை மீண்டும் மீண்டும் மாற்றி, பிரேக் குழாயின் நீளம் முதல் ஷாஃப்டின் கோணம் வரை கணக்கிட்டு வைத்திருக்கும் கைகள் அவை. முதல் வண்டியை நம் வண்டியாக வைத்துப் பழகும் பட்டறையை அவற்றோடு ஒப்பிடக் கூடாது.

ஏறுவது வேறு, நிற்பது வேறு

நம்மைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்தது செலவன்று, உயிர்.

நான்கு சக்கர இயக்கம் வண்டி புறப்படுவதற்கும் ஏறுவதற்கும் உதவும். நிற்பதற்கு உதவாது. எல்லாக் கார்களுக்கும் வேன்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் முன்பே இருக்கிறது. பனியில் வண்டி நிற்பதும் வளைவில் சாலையை விட்டு விலகாதிருப்பதும் டயரின் பிடிமானத்தைப் பொறுத்தவை. ஏற்றத்தில் எளிதாக ஏறிவிட்ட ஓட்டுநர், இறக்கத்திலும் அதே துணிவோடு செல்வார். ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

அடுத்தது உயரம். நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றும்போது பெரும்பாலும் வண்டி உயர்த்தப்படுகிறது, பெரிய டயர்களும் இடப்படுகின்றன. ஒரு வண்டி எளிதில் கவிழுமா என்பதை மதிப்பிட அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்துகிறது. இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, நிறைமையத்தின் உயரத்தைப் போல் இருமடங்கால் வகுக்க வேண்டும். விடை குறையக் குறையக் கவிழும் வாய்ப்பு கூடும். எடுத்துக்காட்டாக, அகலம் 160 செ.மீ., நிறைமையத்தின் உயரம் 80 செ.மீ. என்று கொள்வோம். 160ஐ 160ஆல் வகுத்தால் 1.00. அதே வண்டியின் நிறைமையம் 10 செ.மீ. உயர்ந்தால் 160ஐ 180ஆல் வகுக்க வேண்டும். விடை 0.89 ஆகிவிடுகிறது. கண்ணுக்குக் கம்பீரமாகத் தெரியும் அந்தச் சிறு உயரத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது.

அதே நிர்வாகம் 2001இல் பதினைந்து பேர் அமரும் வேன்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஒற்றை வண்டி விபத்துகளில், ஐந்து பேருக்கும் குறைவாக இருந்த வேன்களைவிட, பத்துப் பேரும் அதற்கு மேலும் இருந்த வேன்கள் கவிழ்ந்த விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது அதன் சாரம். இதைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்தவை நம் குடும்பங்களின் பயணங்களே. ஒரு நிக்காஹ் என்றால் பாட்டி முதல் பேரன் வரை ஒரே வேனில் ஏறுகிறோம். கூரை மேல் சுமையும் ஏற்றுகிறோம். அவ்வாறு நிறைந்து ஓடும் வண்டியை மேலும் உயர்த்துவது அறிவுடைமையாகாது.

இன்னொரு சிறு செய்தியும் உண்டு. டயரின் விட்டம் பத்து விழுக்காடு கூடினால், வேகமானி 80 காட்டும்போது வண்டி உண்மையில் 88 கி.மீ. வேகத்தில் ஓடும். பழைய பிரேக், கூடிய எடை, குறைத்துக் காட்டும் மானி மூன்றும் ஒரே வண்டியில் சேர்வதை எண்ணிப் பாருங்கள்.

“ஓடுவதற்குச் செலவழிக்கும் முன் நிற்பதற்குச் செலவழியுங்கள்” என்று பட்டறைச் சகோதரர் சொன்னார். அதைவிடச் சுருக்கமாக நம்மால் சொல்ல இயலாது.

சட்டமும் வாக்குறுதியே

ஜெர்மனியில் முப்பது ஆண்டுகளைக் கடந்து, பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே பேணப்படும் வண்டிகளுக்கு, எண்ணின் இறுதியில் ‘எச்’ எழுத்துத் தாங்கிய தனிப்பலகை வழங்கப்படுகிறது. இது 1997 முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய காருக்கு ஆண்டு வரி 191.73 யூரோ என்று நிலையாக விதிக்கப்படுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு நகரப் பகுதிகளிலும் அது செல்லலாம். நம் மாணவரின் வேனும் அந்தப் பலகையைத் தாங்கியதே. அடித்தளத்தை வெட்டி மாற்றினால் அந்தத் தகுதி கேள்விக்குள்ளாகும். அதற்கும் மேலாக, ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றத்தைச் செய்து முறையான ஆய்வாளரிடம் காட்டி ஒப்புதல் பெறாவிட்டால், வண்டியைச் சாலையில் ஓட்டும் அனுமதியே அற்றுப்போகும் என்பது அந்நாட்டு விதி.

நம் நாட்டில் நிலைமை இன்னும் கண்டிப்பானது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வண்டியை அமைத்துக்கொள்ளச் சட்டம் வழிவிடுகிறது. மலையேறும் ஆசைக்கு அவ்வாறு வழிவிடவில்லை.

“ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று சிலர் சொல்கிறார்கள். எஃப்.சி. எடுக்கும் நாளில் பழைய உறுப்புகளைப் பூட்டி, மறுநாள் கழற்றிவிடுவோரும் உண்டு. தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவரே இதைச் செய்தால் அதற்கு என்ன பெயரிடுவது? நாம் வாழும் நாட்டின் சாலையில் ஓட்ட உரிமம் பெறும்போது, அதன் விதிகளுக்கு உடன்படுவதாக ஒரு வாக்குறுதி தருகிறோம். வாக்குறுதியைப் பேணுவது நம் ஈமானோடு தொடர்புடையது. விபத்து நேர்ந்து, மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டுக்குத் தடை சொன்னால், காயம்பட்ட அந்நியரின் உரிமைக்கு மறுமையில் விடை சொல்ல வேண்டியவரும் நாமே.

விற்கும்போதும் இதே பொறுப்பு உண்டு. எந்த உறுப்பு எந்த வண்டியிலிருந்து வந்தது, எங்கே வெட்டி ஒட்டப்பட்டது என்பதை வாங்குபவரிடம் மறைப்பது, குறையுள்ள சரக்கை மறைத்து விற்பதே ஆகும்.

ஆசை தவறா?

இவ்வளவும் எழுதியதால், பழைய வண்டி மீதான விருப்பத்தையே நாம் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். நாற்பதாண்டு உழைத்த பொருளைத் தூக்கி எறியாமல் பேணுவது நல்ல பண்பு. கைத்தொழில் அறிவும் அல்லாஹ் அளித்த அருளே. பனியிலும் சேற்றிலும் அன்றாடம் ஓட்டித் தீர வேண்டிய மருத்துவ உதவியாளருக்கும் மலைத்தோட்ட உழைப்பாளிக்கும் நான்கு சக்கர இயக்கம் ஆடம்பரமன்று, தேவை. அவர்கள் தொழிற்சாலையே அவ்வாறு கட்டிய வண்டியை வாங்குவதே நேர்வழி என்பதுதான் நம் கருத்து.

ஆண்டில் இரண்டு நாள் நேரும் இடருக்காக, மீதி நாள்களெல்லாம் கூடுதல் எடையையும் எரிபொருளையும் பழுதையும் சுமப்பது தேவையின் எல்லையைக் கடந்தது. நம் மாணவரிடம் நாம் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, அன்று வண்டியில் என்ன டயர் போட்டிருந்தீர்கள்?” என்பதே. சற்று நேரம் மௌனம். பிறகு, “பழைய டயர்தான் ஹஜ்ரத். மாற்ற வேண்டும் என்று இருந்தேன்” என்றார். பனிச்சாலையில் பனிக்கால டயர் இருக்க வேண்டும் என்பதை ஜெர்மனி 2010இலேயே தெளிவாகச் சட்டமாக்கியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி பணத்தைப் பற்றியது. வீடு கட்டியபோது தம் தம்பியிடம் வாங்கிய கைமாற்று இன்னும் தீரவில்லை என்று அவர் முன்பொருமுறை நம்மிடம் சொல்லியிருந்தார். தம்பி வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காதவரின் கடன் கடனாகாமல் போய்விடுமா? வேன் மாற்றத்துக்காகச் சேர்ந்த பணத்தில் முதல் உரிமை யாருடையது என்பதை நாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார்.

ஆகவே நம் விடை இவ்வாறு அமைந்தது. முதலில் கடனைத் தீருங்கள். அடுத்து நல்ல பனிக்கால டயர்களைப் போட்டு, பிரேக்கை முழுமையாகப் புதுப்பியுங்கள். சங்கிலியும் மண்வெட்டியும் வண்டியில் இருக்கட்டும். அதற்குப் பிறகும் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழன்று வண்டி நின்றால், பின் டிஃபரன்ஷியலுக்குப் பூட்டு அமைக்க இயலுமா என்று தகுதியுள்ள பட்டறையிலும் ஆய்வாளரிடமும் கேளுங்கள். இரு பின்சக்கரங்களும் சேர்ந்து இழுத்தாலே பல சரிவுகளைக் கடந்துவிடலாம். இவை எல்லாம் போதாத இடத்தில்தான் நீங்கள் வாழ்கிறீர்கள் என்றால், சிங்க்ரோவாகவே பிறந்த வண்டியைத் தேடுங்கள். கடும்பனி எச்சரிக்கை உள்ள நாளில் புறப்படாமலிருப்பதும் ஓர் அறிவுதான்.

அவருடைய குரலில் சிறிது ஏமாற்றம் தெரிந்தது. அதை மறைப்பதற்கில்லை. பல மாதங்களாகப் படம் வரைந்து வைத்திருந்தாராம். சென்ற வெள்ளிக்கிழமை மீண்டும் அழைத்தார். தம்பியின் கணக்குக்குப் பணம் சென்றுவிட்டது. பின் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு பக்கம் எண்ணெய் கசிந்து நனைந்திருந்ததாம். “அந்த நிலையில் எஞ்சினுக்கு வலிமை சேர்க்க நினைத்தேனே, ஹஜ்ரத்” என்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைகளின் பெயரைக் கேட்டு துஆ செய்தோம்.

உங்கள் வீட்டு இளைஞர் வண்டியை உயர்த்தப் பணம் கேட்டு வந்தால், உடனே மறுத்தும் விடாதீர்கள், உடனே கொடுத்தும் விடாதீர்கள். அவரோடு சென்று வண்டியின் டயரையும் பிரேக்கையும் ஒருமுறை பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வாசியுங்கள். யாருக்கேனும் கொடுக்க வேண்டிய கடன் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் பிறகு பேசுங்கள்.

நம் பயணங்களையும் நம்மோடு பயணிப்போரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.